சுருளி எந்த வகுப்பு?

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் தம்பி. பயப்படாதீர்கள், பையில் இருப்பது கரண்டிதான். கைப்பிடி நீளம், அதனால் வெளியே எட்டிப் பார்க்கிறது. நான் சமையல் மாஸ்டர். ஆவரங்குளம் பொன்னுக்காளை என்றால் இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் வெளியூரா? அதுதானே பார்த்தேன். உள்ளூர்க்காரராக இருந்தால் இந்நேரம் ஜன்னல் பக்கத்து இடத்தை எனக்குக் கொடுத்திருப்பீர்கள். பரவாயில்லை, இருக்கட்டும்.

கருக்கம்பட்டிக்குப் போகிறேன். வேலையாகத்தான். இல்லாவிட்டால் அந்த ஊர் மண்ணை மிதிக்கிறவன் இல்லை நான். அங்கே என் மச்சான் இருக்கிறான். சடையாண்டி என்று பெயர். என் பொண்டாட்டி தவமணியின் கூடப் பிறந்த அண்ணன். பத்தாங்கிளாஸ் பாஸ். அதை அவனே சொல்லிவிடுவான், நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

என் கல்யாணத்தன்று, பந்தியில் பெண் வீட்டு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "மாப்ள ஏழாங்கிளாஸோட நின்னுட்டாராம்ல. பரவால்ல, சட்டிக்கு எதுக்கு சர்டிபிகேட்டு?" சொல்லிவிட்டு சாம்பாரை ஒரு வாய் வைத்துப் பார்த்து, "உப்புப் பத்தல" என்றான். அது யார் வைத்த சாம்பார் தெரியுமா? பட்டு வேட்டி கட்டுவதற்கு முன்னால் நானே நின்று தாளித்துவிட்டுப் போன சாம்பார். தாலி கட்டும்போதுகூட என் கையில் பெருங்காய வாசனை இருந்தது.

நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை தம்பி. முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அன்றைக்கு அவன் கட்டியிருந்த வேட்டிக்குக் கரை என்ன நிறம் என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது. பச்சை.

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கும் அவன் ஊருக்கும் நடுவில் ஒரு பாறைக் கரடு. ரோடு அதைச் சுற்றிக்கொண்டுதான் போகும், அதோ தெரிகிறதே அதுதான். கரட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் வேறு மாவட்டம். கலெக்டர் வேறு, கல்வி அதிகாரி வேறு. இரண்டு ஊரிலும் பத்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும். போன வருஷம் ஒரு பேச்சு வந்தது. எல்லைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒன்றே ஒன்றை இப்போதைக்கு பிளஸ்டூ வரைக்கும் உயர்த்தப் போகிறார்கள் என்று. ஆவரங்குளமா, கருக்கம்பட்டியா? இதுதான் கேள்வி. எனக்கு அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை. சமையல்காரனுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூடக் கமிட்டியில் இருக்கிறேன். சிரிக்காதீர்கள், ஏழாங்கிளாஸ் படித்தவன் இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. சுதந்திர தினத்துக்கு வருஷா வருஷம் கேசரி போடுகிறவனைக் கமிட்டியில் போடாமல் வேறு யாரைப் போடுவார்கள்? அங்கே சடையாண்டியும் கமிட்டி. இரண்டு மாவட்டத்துக் கமிட்டிகளையும் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். அந்த மண்டபத்தில் நான் எத்தனையோ தடவை சமைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சுவரில் படம் காட்டினார்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கம்பம், கலர் கலராக. எங்கள் ஊர்க் கம்பம் சிவப்பு. தம்பி, என்ன உயரம் என்கிறீர்கள்! உச்சி ஃபேனைத் தொட்டது. கருக்கம்பட்டிக் கம்பம் கீழே கிடந்தது, இட்லித்தட்டு உயரம். நான் சந்தோஷம் தாங்காமல் எழுந்து நின்று கைதட்டினேன். ஒருத்தரும் கூடத் தட்டவில்லை. முன் வரிசையில் இருந்த சடையாண்டி மெல்லத் திரும்பினான்.

"மாப்ள, உக்காரு. அது படிப்ப விட்டுட்டு ஓடுனவங்க கணக்கு. உசந்தா அசிங்கம்."

மண்டபமே சிரித்தது. மேடையில் இருந்த ஜாபர் அலி சார், அவர்தான் இந்தக் கணக்குக்கெல்லாம் அதிகாரி, அவர் மட்டும் சிரிக்காமல் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது எங்கள் தலைமையாசிரியை அமலோற்பவம் டீச்சர்தான் எனக்குப் புரிய வைத்தார். இடைநிற்றல் விகிதம் என்று பெயராம். நான் எனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டேன். பந்தியில் இலை போட்டு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பாயசம் வருவதற்குள் எத்தனை இலை முன்னால் ஆள் இல்லை? அதுதான் கணக்கு. "அதேதாங்க" என்றார் டீச்சர். பாருங்கள், எவ்வளவு சுலபம்.

ஆனால் கணக்கில் நியாயம் இல்லை. எங்கள் பள்ளிக்கூடம் சின்னது. நாலு பேர் எழுந்து போனாலே பந்தி ஓட்டையாகத் தெரியும். அவன் ஊரில் மண்டபம் நிறையக் கூட்டம், நாலு பேர் எழுந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? இதை டீச்சரிடம் கேட்டேன். "அதுக்குத்தாங்க நூத்துக்கு இத்தனைன்னு போடுறாங்க" என்றார். நூற்றுக்கு என்றால், எங்கள் ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் சேர்த்தே நூறு இல்லையே, எப்படிப் போடுவீர்கள் என்றேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

அவன் ஏதோ தில்லுமுல்லு பண்ணுகிறான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலையில் கருக்கம்பட்டிக்குப் போய், டீக்கடையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேவு பார்த்தேன். பிடித்தேன் தம்பி, கையும் களவுமாகப் பிடித்தேன்! சடையாண்டி என்ன செய்கிறான் தெரியுமா? மொபெட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறான். எந்தப் பிள்ளை இரண்டு நாள் வரவில்லையோ அந்த வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறான். தூங்குகிறவனை எழுப்பி, பல் விளக்க வைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறான். ஆடு மேய்க்கப் போகிற ஒரு பெண் பிள்ளைக்காக, அவள் அப்பனிடம் அரை மணி நேரம் வாசலில் நின்று கெஞ்சுகிறான். இது நியாயமா? படிக்கிற பிள்ளை தானாக வர வேண்டும். இப்படி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினால் கம்பம் எப்படி உயரும்? முழுக்கத் திருட்டுக் கணக்கு.

நான் அந்த மாதிரி ஆள் இல்லை. யாரையும் வற்புறுத்துவது என் பழக்கத்தில் கிடையாது. என் குழுவில் பரிமாறுவதற்குப் பசங்கள் இருக்கிறார்கள், எல்லோரும் எங்கள் ஊர்தான். ஒருவனையும் நான் கூப்பிட்டதில்லை. முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலம் என் வேனைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்துவேன், அவ்வளவுதான். ஏறுகிறவன் ஏறுவான். வெள்ளைச் சட்டை, கையுறை, தலைக்குத் தொப்பி எல்லாம் வண்டியிலேயே இருக்கும். கையில் நாலு காசு, வயிற்றுக்குச் சாப்பாடு, வீட்டுக்கு ஒரு பொட்டலம் இனிப்பு. ஆவணி, தை, மாசி என்று முகூர்த்தம் சேர்ந்து வந்தால் அப்படியே என்னோடு இருந்துவிடுவார்கள். படிப்பு ஏறாத பசங்கள், பாவம். அமலோற்பவம் டீச்சர்கூட ஒரு தடவை, "அண்ணாச்சி, உங்க வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்தக் கூடாதா?" என்று கேட்டார். தூசி பறக்கிறது போலிருக்கிறது என்று அடுத்த நாளிலிருந்து வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு நிறுத்தினேன். படித்தவர்கள் மனசு கோணக் கூடாது பாருங்கள்.

அப்புறம் அந்த நாள் வந்தது. கம்பத்தை நம்பாமல் நேரில் சரிபார்க்க ஜாபர் அலி சார் வருகிறார். ஒரு மாவட்டத்தைச் சரிபார்க்கும்போது அடுத்த மாவட்டத்து ஆளும் கூட இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. யார் வந்தது? வேறு யார், சடையாண்டிதான். எங்கள் ஊரில் எத்தனை பேர் ஓடிப்போனார்கள் என்று என் மச்சான் வந்து எண்ணுவான். இதைக் கேட்டதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒருவனும் ஓடியிருக்கக் கூடாது.

டீச்சரிடம் போய், "அன்னிக்கு எல்லாப் பயலும் கிளாஸ்ல இருப்பான், எனக்கு விடுங்க. மத்தியானம் வடை பாயசத்தோட விருந்தும் என் செலவு" என்றேன்.

"பொய்க் கணக்குக் காட்டினா என் வேலை போயிரும் அண்ணாச்சி."

"பொய் எங்க இருக்கு? பசங்க நெசமான பசங்கதானே?"

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வெயில் அன்றைக்குக் கடுமை.

பசங்களை எல்லாம் கூப்பிட்டுச் சீருடை மாட்டவைத்தேன். சுருளிக்கு மீசை வந்துவிட்டது, சிரைக்கச் சொன்னேன். பிரிட்டோவுக்குப் பழைய பேன்ட் முழங்காலுக்குக் கீழே வரவில்லை, பின் பெஞ்சில் உட்கார வைத்தேன். காலையில் ஜாபர் அலி சார் வந்து வகுப்பு வகுப்பாக எண்ணினார். ஒரு இடம் காலியில்லை. சடையாண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும் தம்பி. உப்பில்லாத கஞ்சி குடித்த மாதிரி இருந்தது. நான் அவன் பக்கத்தில் போய், "என்ன மச்சான், பந்தி நெறஞ்சிருக்கா?" என்றேன்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது. மணி அடித்தது. வராந்தாவில் இலை போட்டாயிற்று. பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வரிசையின் நடுவில் அதிகாரிக்கும் சடையாண்டிக்கும் இலை. நான் அடுப்படியிலிருந்து வழக்கம் போல ஒரு சத்தம் கொடுத்தேன்: "பந்தி உக்காந்தாச்சு!"

அவ்வளவுதான் தம்பி. அந்தச் சத்தத்தைக் கேட்டால் என் பசங்களுக்குக் கால் நிற்காது. அப்படிப் பழக்கியிருக்கிறேன். அத்தனை பேரும் இலையை விட்டு ஒன்றாக எழுந்துவிட்டார்கள். பிரிட்டோ தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டான். ஒருவன் உப்பு, ஒருவன் ஊறுகாய், ஒருவன் பொரியல். கொஞ்சம்கூட இடித்துக்கொள்ளாமல் வரிசையாகப் போகிறார்கள். இலையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் கையைக் காட்டி, உட்காருங்கடா உட்காருங்கடா என்று சைகை செய்கிறேன். அவர்கள் சீக்கிரம் வா என்று புரிந்துகொண்டு இன்னும் வேகமாகப் பரிமாறுகிறார்கள். உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவில் அங்கங்கே ஆளில்லாத இலை. சடையாண்டி அந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

சுருளி வாளியோடு வந்து ஜாபர் அலி சார் முன்னால் குனிந்தான். அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"தம்பி, நீ எந்த வகுப்பு?"

"ரசம் சார்."

"வகுப்பு கேட்டேன்."

"ரெண்டாம் பந்தியில மோர் சார்."

சடையாண்டிக்குப் புரையேறிவிட்டது. பிரிட்டோ ஓடிவந்து தண்ணீர் கொடுத்தான், நல்ல பயல்.

"பள்ளிக்கூடத்துக்குக் கடைசியா எப்ப வந்த?" என்று சார் கேட்டார்.

சுருளி பொய் சொல்லத் தெரியாதவன். யோசித்துச் சொன்னான். "போன ஆவணியில சார். இங்கதான் சார், டீச்சர் மக கல்யாணத்துக்கு வராந்தாவுல பந்தி. அதுல நான் அப்பளம்."

அமலோற்பவம் டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து நின்று சொன்னார், நன்றாகத்தான் சொன்னார்: "சார், மறைக்க மாட்டேன். கம்பத்துல இருந்த கணக்குதான் நெசம். இங்க பத்தோட எல்லாம் முடிஞ்சிருது. அதுக்கு மேல ரெண்டு பஸ்ஸு. பொண்ணுங்கள அனுப்ப மாட்டேங்கறாங்க. பத்து முடிச்சு என்ன ஆகப்போகுதுன்னு பசங்க ஒம்பதுலயே கெளம்பிர்றாங்க. வாசல்ல வண்டி வேற நிக்குது."

வண்டி என்று எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. ஐஸ்காரன் ஒருவன் வருவான், அவனாக இருக்கும்.

ஜாபர் அலி சார் இலையைக் காலி பண்ணினார். பாயசம் மறுபடி கேட்டு வாங்கினார், அதை எழுதிக்கொள்ளுங்கள். கை கழுவிவிட்டு, ஒரு வெற்றிலை வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார். சடையாண்டி மட்டும் நின்றான். "மாப்ள, சாம்பார்ல..." என்று ஆரம்பித்தான். நான் கரண்டியை எடுத்தேன். "நல்லாருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்யா" என்று மொபெட்டை முறுக்கிக்கொண்டு போனான்.

ஊரில் ஒரு மாதம் தலை காட்ட முடியவில்லை. தவமணி என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, சோறு போடும்போது, "இந்தாங்க, ரசம்" என்று மட்டும் சொல்லுவாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரிப்பாள். போச்சு, பிளஸ்டூ கருக்கம்பட்டிக்குத்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஜூன் மாதம் உத்தரவு வந்தது. எந்த ஊருக்கு என்று நினைக்கிறீர்கள்? ஆவரங்குளம்! எங்களுக்கு!

ஏன் என்று டீச்சர் விளக்கினார். எங்கே பிள்ளைகள் அதிகமாகப் பாதியில் நின்றுவிடுகிறார்களோ அங்கேதான் பள்ளிக்கூடம் அவசரமாகத் தேவை, கருக்கம்பட்டியில் பிள்ளைகள் எப்படியோ போய்க்கொண்டு இருக்கிறார்கள், அவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம் என்று ஜாபர் அலி சார் எழுதிவிட்டாராம். உயர்ந்த கம்பம்தான் ஜெயித்தது. இப்போது சொல்லுங்கள், அன்றைக்கு மண்டபத்தில் நான் கைதட்டியது தப்பா? அத்தனை படித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், சரியான நேரத்தில் கைதட்டியது நான் ஒருவன்தான்.

சடையாண்டி லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "மாப்ள, எங்க ஊருக்கு வரலையேன்னு வருத்தந்தான். ஆனா உங்க ஊருக்குத்தான்யா முதல்ல வரணும். வீடு வீடா ஹாரன் அடிச்சு நான் கெடுத்துக்கிட்டேன் போ" என்று சிரித்தான். உள்ளே எரிகிறது, வெளியே சிரிக்கிறான். நான் லட்டைத் தொடவில்லை. ஒன்றுதான் சாப்பிட்டேன். சர்க்கரை தூக்கல்.

இப்போது பள்ளிக்கூடம் ஜேஜே என்று இருக்கிறது தம்பி. சுருளி தனித்தேர்வாகப் பத்தாவது எழுதித் தேறி பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டான். வாயில் இங்கிலீஷ் வருகிறது, ரசம் வர மாட்டேன் என்கிறது. பிரிட்டோ பத்தாவது. வேனை நிறுத்தினால் ஒரு பயல் திரும்பிப் பார்ப்பதில்லை. "பரீட்சை இருக்கு மாஸ்டர்" என்கிறான்கள். எல்லாம் என்னால் வந்த பள்ளிக்கூடம், எனக்கே ஆள் இல்லை!

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கல்யாணம். சமைத்துவிடுவேன், யார் பரிமாறுவது? அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. அதற்குத்தான் இந்தப் பயணம். கருக்கம்பட்டியில் பிளஸ்டூ இல்லையே! பத்து முடித்த பசங்கள் இருப்பார்கள், ஒன்பதில் சலித்துப்போன பசங்கள் இருப்பார்கள். பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, கரண்டியைக் காட்டி, வெள்ளைச் சட்டை தொப்பி எல்லாம் சொன்னால் வந்துவிட மாட்டார்களா? ஒரு முகூர்த்தம் வந்தால் போதும், அப்புறம் அவர்களே என்னை விட மாட்டார்கள். அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சடையாண்டி மொபெட்டில் எத்தனை ஹாரன் அடித்தாலும் வீட்டில் பசங்கள் இருக்க வேண்டுமே! அடுத்த தடவை மண்டபத்தில் படம் போடும்போது அவன் ஊர்க் கம்பம் எழுந்து ஃபேனைத் தொடும். அப்போது நான் முன் வரிசையில் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பேன்.

என்ன தம்பி? சத்தமாகச் சொல்லுங்கள், இந்த பஸ் இரைச்சலில் கேட்கவில்லை.

ஆமாம், அவன் ஊர்க் கம்பம்தான் உயரும்.

உயர்ந்தால்?

...

அட.

இல்லை, இருங்கள். எங்கள் ஊர்க் கம்பம் உயர்ந்ததால்தான் எங்களுக்கு வந்தது. அப்படியானால் அவன் ஊர்க் கம்பம் உயர்ந்தால்... அடுத்த பள்ளிக்கூடம்... சடையாண்டிக்கா? நான் பிழைப்பை விட்டு, பஸ் ஏறிப் போய், அவனுக்கு பிளஸ்டூ வாங்கிக் கொடுப்பதா? அவன் மறுபடி லட்டு வாங்கிக்கொண்டு வந்து, "மாப்ள, எல்லாம் ஒன் புண்ணியம்" என்று என் வாசலில் நிற்பானே!

கண்டக்டர் தம்பி! விசில் அடிங்க, விசில் அடிங்க!

"பெருசு, கருக்கம்பட்டி இன்னும் வரல."

வராமல் இருப்பதே நல்லது, நிறுத்துங்க. அந்த ஊர்ப் பயல் ஒருத்தன் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே காலை வைக்கக் கூடாது. வைத்தால் நானே கொண்டுபோய் உள்ளே விடுவேன். கம்பம் தரையோடு தரையாகத்தான் கிடக்க வேண்டும்.

அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள் தம்பி. கரண்டி பத்திரம். நீங்கள் நல்ல மனுஷன், சரியான நேரத்தில் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமை சும்மாதான் இருப்பீர்கள் என்றால் கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள். பரிமாற ஆளா? தவமணி வாளி தூக்குவாள், பழக்கம் உண்டு. நான் சாம்பார். பத்தாததற்கு, மச்சானுக்கும் ஒரு போன் போட்டு வரச் சொல்லிவிடுகிறேன். பொண்டாட்டியின் அண்ணனாயிற்றே, கூப்பிட்டால் வருவான்.

அவனுக்கு உப்பு. ஒவ்வொரு இலையாகக் குனிந்து குனிந்து வைக்கட்டும். பத்துகிறதா இல்லையா என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும்.